செயின் மாத்தியாச்சு, வளர்மதி

என் பின்சீட்டு மகாராணி வளர்மதிக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் உன் தம்பி குமார் உன் படத்துக்கு முன்னால் நின்று என்னைப் போட்டுக்கொடுத்திருப்பான். இருந்தாலும் என் வாயால் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும், பாரு.

போன மாசம் விக்கிரமங்கலத்தில் அவன் மகனுக்குக் காதுகுத்து. அத்தை இல்லாவிட்டாலும் அத்தை வீட்டுச் சீர் குறையக்கூடாது என்று நானும் நம் மகள் பவித்ராவும் பெரம்பலூரிலிருந்து நம் வண்டியிலேயே கிளம்பினோம். நான் புது வெள்ளை வேட்டி. பவித்ரா மடியில் பழத்தட்டு, பட்டுத்துணி. அரியலூர் தாண்டுகிற வரைக்கும் மாப்பிள்ளை மாதிரிதான் போனேன். ஊருக்குள் நுழைகிற இடத்தில், எதிரே மேளத்தோடு உன் சொந்தம் அத்தனையும் கோயிலிலிருந்து வருகிறது, சரியாக அந்த இடத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம். முறுக்குகிறேன், எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. குனிந்து பார்த்தால் செயின் கழன்று தரையில் தொங்குகிறது.

அத்தனை பேர் முன்னால் ரோட்டில் உட்கார்ந்து, விரலை விட்டு மாட்டினேன். மாட்டி முடித்ததும் பெரியவர்கள் வந்தார்கள். கும்பிடாமல் இருக்க முடியுமா? கும்பிடுகிற கை இரண்டும் தார் பூசின மாதிரி இருந்தது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வேட்டியின் பின்பக்கம் துடைத்துக்கொண்டேன். பின்பக்கம் எனக்குத்தான் தெரியாது, ஊருக்குத் தெரியும் என்பது அப்போது தோன்றவில்லை.

குமார்தான் ஆரம்பித்தான். "மாமா, சீர் கொண்டாந்தீங்களா, இல்ல பழைய இரும்பு எடுக்க வந்தீங்களா?"

அவன் பெண்டாட்டி அதற்கு மேலே. "பத்திரிகைக்கு நாலு பக்கமும் மஞ்ச வப்பாங்க. நீங்க என்னண்ணே, வேட்டிக்கு நாலு பக்கமும் மை வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க?"

சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ இருந்திருந்தால் முதலில் என்னைக் காப்பாற்றிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தனியாகச் சிரித்திருப்பாய். இல்லையா?

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது வளரு. இத்தனை வருஷமாக இந்த வண்டியின் செயினை நான் பார்த்துக்கொண்டதே இல்லை. நீதான் பார்த்துக்கொண்டாய். நீ ஒருபக்கமாகக் கால் போட்டு உட்காருவது இடது பக்கம். செயின் ஓடுவதும் இடது பக்கம். எனக்கு முன்னால் காற்றும் ஹெல்மெட்டும். உனக்குக் காலடியிலேயே அந்தக் கடகடப்பு. சத்தம் வந்தால் என் தோளில் இரண்டு தட்டு தட்டுவாய். "பவி அப்பா, செயின் பேசுது." நான் "ஓடும், ஓடும்" என்பேன். நீ அடுத்த தட்டு தட்டுவாய். மெக்கானிக் சேகர் கடை வாசலில் நிறுத்துகிற வரைக்கும் தட்டு ஓயாது. உன் அம்மா வீட்டுக்குப் போகிற வழியில் நான் வண்டி ஓட்டினேனா, இல்லை நீ என் தோளை வைத்து ஓட்டினாயா?

நீ போனபிறகு தோளில் தட்ட ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, செயினுக்கு மட்டும் கிண்ணம் நிறைய விளக்கெண்ணெய். கெட்டியாக இருந்தால் நல்லா ஒட்டும் என்று என் பத்தாங்கிளாஸ் அறிவு சொன்னது. நல்லாத்தான் ஒட்டியது. உரக்கடை வேலைக்கு நான் ஊர் ஊராகச் சுற்றுகிற ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி போகிற புழுதி முழுவதும் அந்த எண்ணெயில் ஒட்டியது. செயினின் கீழ்மூடி உடைந்து விழுந்ததை நான்தான் மாற்றவே இல்லையே, தடுக்க ஒன்றும் இல்லை. எண்ணெயும் கல்தூசியும் சேர்ந்து அரைக்கிற களிம்பு மாதிரி ஆகி, செயினையும் பல்சக்கரத்தையும் உட்கார்ந்து தேய்த்திருக்கிறது. சாமிக்குப் படைத்த கையோடு நானே வண்டிக்கு அம்மி பூட்டிவிட்டிருக்கிறேன்.

இதெல்லாம் சும்மா சிரிப்போடு போயிருக்கும். ஆனால் உன் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆமாம், கிடைத்துவிட்டது! அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். காதுகுத்து முடிந்து திரும்பும்போது, பாதி வழியில், பின்னாலிருந்து சொல்கிறாள்.

"அப்பா, காலை ஷிஃப்ட்டுக்கு நம்ம பக்கத்துலேருந்து பஸ்ஸு சரியா வராது. நான் வண்டியில போயிட்டு வரேன்."

"எந்த வண்டியில?"

"இதுலதான். நமக்கென்ன பத்து வண்டியா நிக்குது?"

நான் வேகத்தைக் குறைத்தேன். எங்களை ஒரு கல்லு லாரி தாண்டிப் போனது. காற்றில் வண்டி ஒருதரம் ஆடியது. நடு ரோட்டில், அப்படி ஒரு லாரி பின்னால் வரும்போது, இவள் கையில் 'டக்'கென்று கழன்றால்? கழன்று விழுந்தாலாவது பரவாயில்லை, சக்கரத்தில் சிக்கினால்? விக்கிரமங்கலத்தில் வேட்டிதான் கறுத்தது. இங்கே என்ன ஆகும்?

நான் பயந்தவன் இல்லை, உனக்குத் தெரியும். பாம்பைப் பார்த்து ஓடினது வேறு கணக்கு. ஆனால் அன்றைக்கு வீடு வருகிற வரைக்கும் என் காது முழுக்க இடது பக்கத்திலேயே இருந்தது.

மறுநாள் காலையில் சேகர் கடைக்குப் போனேன். பவித்ராவும் கூடவே ஏறிக்கொண்டாள். சேகர் பார்த்தான், செயினைக் கையால் ஆட்டினான்.

"ரொம்ப லூசுண்ணே. பின்னாடி இழுத்து டைட் வைக்கவும் இடமில்ல, கடைசி வரைக்கும் இழுத்தாச்சு. ஒண்ணும் கவலப்படாதீங்க, ஒரு கண்ணிய எடுத்துட்டு மாட்டிவுடுறேன். இன்னும் கொஞ்ச நாளு ஓடும்."

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கண்ணி எடுத்தால் போதும், வண்டி அப்படியே இருக்கும். "எடுப்பா, எடுப்பா" என்றேன். ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் ஸ்பானரைத் தேடிக்கொண்டே சொன்னான்: "புதுசு எதுக்குண்ணே இப்ப? ஒத்த ஆளு ஓட்டுற வண்டிதான?"

அவன் தப்பாகச் சொல்லவில்லை. பின்சீட்டு காலியாகத்தான் போகிறது, வருகிறது. ஆனாலும் அதைக் கேட்டதும் பக்கத்தில் தொங்கின டியூப் விளம்பரத்தை முதல் எழுத்திலிருந்து படித்தேன்.

பவித்ராதான் கீழே உட்கார்ந்தாள். போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு, பின்சக்கரத்தின் கடைசியில், செயின் வளைந்து திரும்புகிற இடத்தில் பிடித்து வெளியே இழுத்தாள்.

"இங்க பாருங்கப்பா. நல்ல செயினா இருந்தா இந்த இடத்துல அசையாதாம். இது எந்திரிச்சு நிக்குது. பல்லு பாதி தெரியுது."

"யாரு சொன்னா?"

"போன்ல பாத்துக் கத்துக்கிட்டேன். பல்லையும் பாருங்க, நேரா இல்ல. ஒரு பக்கமாத் தேஞ்சு கொக்கி மாதிரி வளஞ்சிருக்கு."

"எனக்குந்தான் பல்லு தேஞ்சிருக்கு. என்னை மாத்திட்டியா?"

"உங்க பல்ல நம்பி நான் லாரிக்கு நடுவுல போவலயே!"

சேகர் சிரித்துவிட்டான். அவளிடம் தோற்பது எனக்குப் புதிதா? அப்புறம் அவள் சக்கரத்தை மெதுவாகச் சுற்றச் சொன்னாள். ஒரு இடத்தில் செயின் தொங்கியது, இன்னொரு இடத்தில் கம்பி மாதிரி விறைத்தது. அதைப் பார்த்ததும் சேகரே, "இது கண்ணி எடுத்தாலும் நிக்காதுண்ணே, தேஞ்சது ஒரே மாதிரி தேயல" என்று ஒத்துக்கொண்டான். செயினை மட்டும் புதிதாகப் போட்டால், தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும் என்றும் சொன்னான். நான் எழுந்து நின்றேன். வேட்டி கட்டியிருந்தால் மடித்துக் கட்டியிருப்பேன், அப்படி ஒரு வீரம்.

"முன்னாடி பல்சக்கரம், பின்னாடி பல்சக்கரம், செயின், மூணையும் மாத்து. கீழ்மூடியும் போடு. இப்பவே."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களாண்ணே?"

"வருஷக்கணக்கா யோசிச்சதுக்குத்தான் இந்தக் கதி."

பழைய செயின் இரும்புக் கூடையில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஒருதரம் பார்த்தேன். ஒரே ஒருதரம்தான்.

வளரு, உனக்கு எழுதுகிறதுதான், ஆனாலும் இதைப் படிக்கிறவர்களில் யாராவது வீட்டில் பழைய வண்டி வைத்திருந்தால், செயின் கழன்று விழட்டும், அப்புறம் மாற்றலாம் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். கண்ணி எடுக்கிற வேலையும் வேண்டாம். பின்சக்கரத்தில் செயினைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் அதுவே சொல்லிவிடுகிறது. எனக்குப் புரிய ஒரு வேட்டி போனது. அவர்களுக்கு இந்தக் கடிதத்தோடு முடியட்டும்.

உன் மகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தினமும் வண்டியில் போகிறாள், வருகிறாள்; நான் உரக்கடை வேலைக்குப் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். வாசலில் நின்று அவள் கிளம்புவதைப் பார்க்கிறேன். ஹெல்மெட் மாட்டுவது, கண்ணாடி சரிசெய்வது, துப்பட்டாவைச் சுற்றிக் கட்டுவது எல்லாம் நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே. ரோட்டு முனையில் திரும்பும் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. எறையூரிலிருந்து உன் தங்கை வந்திருந்தாள். "அத்தான், பொம்பளப் புள்ளைய இவ்வளவு தூரம் வண்டியில அனுப்புறீங்களே, பயமா இல்லையா?" என்றாள். "வண்டியோட செயினப் பாத்தியா நீ?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும்?

உனக்கு ஒரு வாக்கு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் சக்கரத்தைச் சுற்றி, நாலு இடத்தில் தொட்டுப் பார்ப்பேன். தூசியைத் துடைத்து, செயினுக்கென்று விற்கிற எண்ணெயை அளவாகப் போடுவேன். விளக்கெண்ணெய் பக்கம் போகமாட்டேன். பல் வளைகிறதென்று தெரிந்த அன்றைக்கே மாற்றிவிடுவேன். பவித்ராவைத் தட்டிச் சொல்ல வைக்கமாட்டேன்.

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தின அன்றைக்கு அவள் கேட்டாள். "இவ்வளவு தேயற வரைக்கும் ஏம்பா விட்டீங்க? சத்தம் கேக்கலயா உங்களுக்கு?"

"சோம்பேறித்தனந்தான், வேறென்ன" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

கேட்டது வளரு. நல்லா கேட்டது. அந்தக் கடகடப்பு வரும்போதெல்லாம், இப்போ தோளில் ரெண்டு தட்டு விழும் என்று கொஞ்சம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் பவி அப்பா