ஏரிக்கரையில் இரண்டாவது பாறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம். நீ நலம் என்பதை மாப்பிள்ளை வாயிலாகத் தெரிந்துகொள்கிறேன். ஞாயிறுதோறும் நான் போன் செய்தால் அவர்தான் எடுக்கிறார். நீ குளிக்கிறாய், நீ கடைக்குப் போயிருக்கிறாய், நீ இப்போதுதான் கண் அசந்தாய் என்று ஏதாவது சொல்கிறார். பாவம், நல்ல மனிதர், பொய் சொல்ல வரவில்லை. போன வாரம் நீ குளிப்பதாக அவர் சொல்லும்போதே பின்னால் நீ இருமியது எனக்குக் கேட்டது. அவரைக் கோபித்துக்கொள்ளாதே. இருமலுக்கு வெந்நீர் குடி.

அதனால்தான் கடிதம். போனை எடுக்காமல் இருக்கலாம். ஆனால் எழுத்து இருக்கும் காகிதத்தை உன்னால் படிக்காமல் இருக்க முடியாது. சின்ன வயதில் பொட்டலம் கட்டிவந்த தாளைக்கூட நீவிவிட்டுப் படித்தவள் நீ. அந்தத் தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டில் குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பிளம்பர் வந்தார், பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். சமையல் எனக்குப் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். பாத்திரத்தின் அடியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். மாத்திரை டப்பாவில் அம்மா கிழமைகளை எழுதி ஒட்டியிருந்தாள் அல்லவா, அதில் வியாழன் மட்டும் உரிந்துவிட்டது. வியாழக்கிழமை மட்டும் கொஞ்சம் தடுமாறுகிறேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் நினைவுக் கூட்டத்தில் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி வைத்தோம். முகம் புள்ளி புள்ளியாக உதிர்ந்திருந்தது. ஒரு காது வெட்டுப்பட்டிருந்தது. யாரோ அதட்டியதுபோல் கண்ணை விழித்துக்கொண்டிருந்தாள். நீ வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் கேட்டாய்: “பன்னிரண்டாயிரம் மலை எடுத்து வச்சிருக்கீங்க. ஒரு அம்மாவ எடுக்க முடியலையாப்பா?”

நான்காம் நாள் நீ கிளம்பிவிட்டாய். மூன்று மாதம் ஆகிறது.

நீ கேட்காமல் விட்டதையும் நானே சொல்கிறேன். உன் போனிலும் அவள் சரியாக விழுந்ததில்லை. உன் கல்யாண ஆல்பத்தை நேற்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஒன்றில் தோள், ஒன்றில் அடுத்தவர் தலைக்குப் பின்னால் நெற்றி. யார் கேமராவைத் தூக்கினாலும் ஒதுங்கிவிடும் பழக்கம் அவளுக்குத் தானாக வந்ததல்ல, நான் பழக்கியது. “தள்ளிக்கோ” என்று இருபத்தைந்து வருஷம் சொல்லியிருக்கிறேன்.

என் பக்கத்தை நியாயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. முப்பத்துநாலு வருஷம் எக்ஸ்ரே அறையில் நின்றவன் நான். மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடலாம். ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரிடம் இதையே சொல்லவேண்டும். எல்லோரும் வலியோடு வருகிறவர்கள். லீவு நாளில் மனித உடம்பு இல்லாத எதையாவது பார்த்தால் போதும் என்றிருக்கும். மலையை மூச்சைப் பிடி என்று சொல்லவேண்டியதில்லை. ஏரிக்கு எலும்பு முறிவதில்லை. அப்படிப் பிடித்துக்கொண்டதுதான் இந்தப் பைத்தியம்.

எடுத்த படங்களில் அறுபதைப் பொறுக்கி, ஒன்று கரைந்து அடுத்தது வரும்படி கோத்து, பாட்டு ஏறும் இடத்தில் பனி விலகுவதுபோல் அமைத்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. சங்கீதத்தில் நான் ஞானசூனியம் என்பது உனக்குத் தெரியும். இசை முழுக்க அம்மாவின் பொறுப்பு. பக்கத்து நாற்காலியில் துணி மடித்துக்கொண்டே கேட்பாள். இந்த வயலின் மூடுபனிக்கு ஆகும் என்பாள். மலைக்கு எதற்கு இவ்வளவு தாளம், அது பாட்டுக்குத் தூங்கட்டும் என்பாள். அவள் சொன்னது ஒருதடவைகூடத் தப்பாகப் போனதில்லை.

ஞாயிறு மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஓட்டுவேன். பார்வையாளர் ஒருவர்தான். ஒரு படத்துக்கு ஐந்து நொடி. பார்ப்பதற்குள் மாற்றிவிடுகிறீர்கள் என்று குறைப்பட்டுக்கொள்வாள். அப்புறம் அவளுக்கென்று ஒரு கேள்வி உண்டு. புதுப் படம் வந்ததும், “இதுல நான் எங்க?” என்பாள். எனக்குப் பின்னால் என்பேன். அடுத்ததில்? கார் பக்கத்தில், பையை வைத்துக்கொண்டு. அடுத்ததில்? சும்மா பாரேன் என்பேன். சிரித்துக்கொண்டே பார்ப்பாள்.

சில தடவை நான் சொன்னது காதில் விழாமல் நின்றுவிடுவாள். வெளிச்சம் போய்விடுமே என்று அப்படியே எடுத்துவிட்டு வீட்டில் வந்து அழிப்பேன். கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு வசதி இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் புல்லையோ கல்லையோ எடுத்து ஆள்மேல் பூசிவிடலாம். அவளும் அருகில் இருந்து வேடிக்கை பார்ப்பாள். சோப்புகூட இவ்வளவு சுத்தமாகப் போக்காது என்று ஒருநாள் சொன்னாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அழித்தபின் மூலப் படம் இடத்தை அடைக்கிறது என்று அதையும் நீக்கிவிடுவேன். இதுதான் நான் செய்துவைத்த காரியம்.

கை வலிக்கிறது. நாளைக்குத் தொடர்கிறேன்.

*

பாப்பா, நாளை என்று எழுதிவிட்டு நான்கு நாள் ஓடிவிட்டது. கம்ப்யூட்டரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போயிருந்தேன். பழுது பார்க்கும் அம்மாள் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜை முழுக்கத் தேடுகிறவர், ஆனால் வேலையில் கெட்டிக்காரி. நீக்கிய படங்களை மீட்க முடியுமா என்று கேட்டேன். மூன்று நாள் முயன்று பார்த்தார். பழைய வீட்டை இடித்து, அதே இடத்தில் வேறு வீடு கட்டி, அதையும் இடித்துக் கட்டியிருக்கிறீர்கள், இப்போது வந்து பழைய வீட்டு ஜன்னல் எங்கே என்றால் நான் எங்கே போவேன் என்றார்.

சரி என்று எழுந்தேன். திரையில் ஏரிப் படம் ஒன்று திறந்திருந்தது. அதை மூடப் போனவர் கையை நிறுத்திவிட்டு, “சார், இந்தப் பாறை ஏன் ரெண்டு தடவை இருக்கு?” என்று கேட்டார்.

பார்த்தேன். தண்ணீர் ஓரத்தில் ஒரு பாறை. நாலடி தள்ளி அதே பாறை. ஒரே இடத்தில் ஒரே வெடிப்பு, ஒரே பறவை எச்சம். என் பூச்சு வேலை யார் கண்ணுக்கும் தெரியாது என்று இத்தனை நாள் இறுமாந்திருந்தேன். எழுந்தவன் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தார், வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்த இரண்டாவது பாறை பாறையல்ல. அது உன் அம்மா.

இனி எழுதுவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போன வருஷம், நான் ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தபோது, அவளுக்கு இருமல் நிற்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். படத்தை நானே எடுத்தேன். மூச்சை இழு, பிடி என்றேன். திரையில் பார்த்தேன். படித்துச் சொல்லவேண்டியவர் டாக்டர்தான். ஆனால் முப்பத்துநாலு வருஷம் பார்த்த கண்ணுக்கு யாரும் படித்துச் சொல்லவேண்டியதில்லை. வலது நுரையீரலில், மேலே, ஒரு வெள்ளை நிழல். விடலாம் என்று சொல்ல மறந்துபோனேன். உள்ளே அவள் பிடித்த மூச்சை விடாமல் நின்றிருக்கிறாள். முடியாமல் போனபிறகு அவளே விட்டாள். வெளியே வந்து, “ஒருவழியா என்னையும் ஒரு படம் எடுத்துட்டீங்க. எப்படி வந்திருக்கு?” என்றாள்.

நல்லா வந்திருக்கு என்றேன்.

அன்று சனிக்கிழமை. டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். ஞாயிறு காலையில் ஏரிக்குக் கிளம்பினோம். உண்மையில் அவளை எடுப்பதற்காகத்தான் போனேன். அவள் பாறைக்குப் பக்கத்தில் நின்றாள். காற்றில் முடி பறந்தது. கேமராவைத் தூக்கினேன். வழக்கம்போல, “தள்ளிக்கணுமா?” என்று கேட்டாள்.

வேண்டாம், அங்கேயே நில் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், என்ன இன்றைக்குப் புதுசாக என்று கேட்பாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்தால் தெரிந்துவிடும். இன்னும் ஒரு நாளாவது அவள் தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். “ம், கொஞ்சம்” என்றேன்.

அவள் தள்ளினாள். போதுமான அளவு தள்ளவில்லை. நான் எப்போது முடிப்பேன் என்று தண்ணீரைப் பார்த்தபடி பக்கவாட்டில் நின்றது படத்தில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டதும் அவளே காட்டினாள், இதோ ஓரத்தில் நிற்கிறேனே, அழிக்கவில்லையா என்று. விட்டுவைத்தால் சந்தேகப்படுவாள். பாறையைப் பிரதியெடுத்து அவள்மேல் பூசினேன், பாப்பா. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமான கேலி எதுவும் இல்லை. இப்போது நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றவளுக்குத் தெரியாமலா இருக்கும்? நான் அவளுக்காக மறைக்க, அவள் எனக்காக மறைக்க, நடுவில் அந்தப் படம் போய்விட்டது.

இத்துடன் ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். அம்மாவை அழித்த இடங்களை மட்டும் தேடிக் கோத்திருக்கிறேன். முப்பத்தொன்று கிடைத்தது. எங்கே பார்க்கவேண்டும் என்று சொல்கிறேன். மூடுபனிப் படத்தில் வேலிக்கம்பம் ஒன்று கூடுதலாக இருக்கும், இடமிருந்து மூன்றாவது. மலைச்சரிவில் ஒரே மாதிரி சாய்ந்த இரண்டு புதர் இருக்கும், கீழே இருப்பது அம்மா. செருப்பில் புகுந்த கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள். கடற்கரையில் நுரை ஒரே வளைவில் இரண்டு தடவை வரும், அங்கே நின்று உனக்குப் போன் செய்ய சிக்னல் தேடிக்கொண்டிருந்தாள். பதினெட்டாவது படத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம். அது வழிப்போக்கர் யாராகவும் இருக்கலாம். இருந்தாலும் விட்டுவிட மனம் வரவில்லை, சேர்த்துவிட்டேன்.

ஒவ்வொன்றும் பதினைந்து நொடி நிற்கும். பார்ப்பதற்குள் மாறாது. ஞாயிறு மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஓட்டினேன். ஒவ்வொரு படத்திலும் அவள் இருக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். திரையெல்லாம் கைரேகை.

இசைதான் இல்லை. துணி மடிக்கும்போது அம்மா ஒரு மெட்டை முணுமுணுப்பாளே, அதைப் போடவேண்டும் என்று ஆசை. இரண்டடி தூரத்தில் அத்தனை வருஷம் கேட்டது எனக்கு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. நான் படம் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். உனக்குத் தெரியாமல் இருக்கலாம், பாத்திரம் கழுவும்போது நீயும் அதையேதான் முணுமுணுப்பாய். போனில் பிடித்து அனுப்புவாயா? என்னுடன் பேசவேண்டாம். அதை மட்டும் அனுப்பு.

கோபத்தை விடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கோபத்தோடே வா. ஒருநாள் ஏரிக்கரைக்குப் போவோம். கேமராவைத் தூக்கினால் நீயும் இப்போதெல்லாம் அம்மா மாதிரி ஒதுங்குகிறாய், மாப்பிள்ளை அனுப்பும் படங்களில் கவனித்தேன். ஒதுங்காதே. பாறைக்கு முன்னால் நடுவில் நில். மலை மறைந்தால் மறையட்டும்.

இன்னொன்று. உன் இருமலை ஐந்து ஞாயிறாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சளிதான், ஒன்றும் இருக்காது. இருந்தாலும் எனக்காக ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடு. எடுப்பவர் மூச்சைப் பிடிக்கச் சொல்வார். விடலாம் என்று சொல்ல அவர் மறந்துவிட்டால், அவருக்காகக் காத்துக்கொண்டு நிற்காதே கண்ணு. நீயே விட்டுவிடு.

நூறு வயசு நன்றாக இரு.

உன்
அப்பா