துருவத்தைக் கடக்கும் ஞாயிறு

ஜூன் 4

அன்புள்ள மகாராணிக்கு,

போனில் பேசினால் சண்டை வருகிறது, இனி வாரம் ஒரு கடிதம் என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன். விண்கலத்தை அனுப்பி வியாழன் கிரகத்தின் துருவ ஒளியைப் படம்பிடிக்கிறவளுக்கு நம் வீட்டு மாடிப்படி நினைவிருக்கிறதா? நேற்று அதில் உருண்டு நம் மகள் வாலு கையை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டாயிற்று. அம்மா எப்போது வருவாள் என்று நச்சரிக்கிறாள். இரண்டு நாளாவது வந்துவிட்டுப் போ.

உன் தையற்காரன்

ஜூன் 11

அன்புள்ள தையற்காரருக்கு,

இருவரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. வாலுவை நன்றாக ஓடியாடி விளையாடச் சொல்லுங்கள். இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. கலம் துருவத்துக்கு அருகில் சில மணி நேரம்தான் இருக்கும். நாங்கள் சொல்வது அதற்குப் போய்ச் சேரவே முக்கால் மணி நேரமாகும் என்பதால், கேமரா எப்போது எங்கே திரும்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுவோம். மாதக் கடைசியில் வரப் பார்க்கிறேன்.

உங்கள் மகாராணி

ஜூன் 15

மகாராணி,

கைக்கட்டோடு நிற்கிற பிள்ளைக்கு 'ஓடியாடி விளையாடு' என்று படித்துக் காட்டினேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு மாதக் கடிதங்களைத் தேதியோடு ஒரே மூச்சில் எழுதி, அங்கே தபால் பார்க்கும் பெண்ணிடம் கொடுத்து வைத்திருக்கிறாயாம். நாங்கள் என்ன விண்கலமா? என் கடிதத்தைப் பிரித்தாவது பார்த்தாயா?

என் அக்கா தன் ஊரில் கடை வைத்துத் தருகிறேன் என்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் வாலுவும் கிளம்புகிறோம். கோபத்தில் எழுதவில்லை, அலுத்துப்போய் எழுதுகிறேன். வருவதானால் அதற்குள் வா.

ஜூன் 18

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதங்களை இன்றுதான் பிரித்தேன். கலம் துருவத்தைக் கடந்த பிறகு நிதானமாகப் படிக்கலாம் என்று இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். எந்தக் கை? அதைக்கூட நான் கேட்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் எடுக்கவில்லை.

கலம் துருவத்தைக் கடப்பதும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். கதிர்வீச்சில் கேமரா பாதி குருடாகிவிட்டது, அடுத்த சுற்றுக்குத் தாங்குமா என்பதே சந்தேகம். மூன்று வருடமாகக் காத்திருந்த ஒளியை என் கூட்டாளி முதலில் பார்ப்பாள். வயிறு எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஒரே ஒரு பயம். முன்பே எழுதிய இந்த வாரக் கடிதம் இன்று காலையே தபாலில் போய்விட்டது. எது முதலில் வருமோ தெரியவில்லை. அதில் வேலை அதிகம், இந்த மாதம் வர முடியாது என்றிருக்கும். அதை நம்பாதீர்கள். வீட்டைப் பூட்டிவிடாதீர்கள்.

வாலுவின் அம்மா