மண்ணெண்ணெயில் கரையாதது

ஆடி 12, செவ்வாய் இரவு.

பாறசாலைச் சந்தியில் இருந்த மலையாளப் பெயர்ப்பலகையில் தமிழ்நாட்டோடு சேரவேண்டுமென்று போராடுகிறவர்களில் யாரோ நேற்று இரவு கறுப்புப் பூசிவிட்டார்கள். காலையில் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து அப்பாவின் கறுத்த கைகளைப் பிடித்துப் பார்த்தார். "இது தாரல்லேடா?" தார்தானே என்று மலையாளத்தில் அதட்டினார்.

கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயைக் காய்ச்சி, வள்ளங்களுக்குப் பூசும் வார்னிஷ் செய்கிறவர் அப்பா. அவர் பதில் சொல்லுமுன் நான்தான் முந்திக்கொண்டேன். "தார் இல்ல சார், கொட்டை எண்ணெயாக்கும். தாருன்னா மண்ணெண்ணெயில கரையும். இது காஞ்சா கரையாது."

"நீ சும்மா இரி மக்கா," என்றாள் அம்மா.

போலீஸ்காரர் மண்ணெண்ணெய் கேட்டு வாங்கி, துணியை நனைத்து அப்பாவின் கையைத் தேய்த்தார். கறை போகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"கொள்ளாமே, டீச்சரே," என்று என்னைப் பாராட்டிச் சிரித்தார். பிறகு அதே துணியோடு சந்திக்குப் போய்ப் பலகையைத் தேய்த்தார். அதிலும் போகவில்லை.

திரும்பி வந்து அப்பாவை வண்டியில் ஏற்றினார். அப்பா என்னைப் பார்த்து, "நீ சொன்னது சரியாக்கும் மக்கா," என்றார்.

அம்மா திட்டவில்லை. சோறு போட்டாள். தின்றேன். அப்பாதான் பூசினாரா என்று அவளிடம் கேட்கத் தோன்றவில்லை.

விளக்கு மங்குகிறது. ஊற்ற மண்ணெண்ணெய் இல்லை. காலையில் துணியில் ஊற்றியதுதான் கடைசி.