லண்டனில் இறங்கிக்கொண்ட மைனிக்கு

மைனி,

இன்று அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது பாச்சை உருண்டை வாசனையோடு அந்தக் கம்பளிக் கோட்டு கையில் வந்தது. அமெரிக்காவில் உங்கள் மகன் நம் இருவருக்கும் ஒரே மாதிரி வாங்கித் தந்தானே, அதுதான். பாளையங்கோட்டை வெயிலில் அதைப் போட ஒரு நாளும் வாய்க்கவில்லை. கொடியில் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதன் பிறகு வேலை ஓடவில்லை.

என் அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், காலமாகி அப்போது ஒரு வருஷம் கழிந்திருந்தது. தொண்ணூறுகளின் கடைசி. இன்டர்நெட்டில் விமான டிக்கெட் வாங்கலாம் என்பது நம் தெருவில் யாருக்குமே தெரியாத காலம். உங்கள் மகன் அங்கிருந்தபடியே வாங்கிக் கூரியரில் அனுப்பினான். உலகத்தைச் சுற்றி வரும் டிக்கெட். சென்னையில் ஏறி சிங்கப்பூர், அமெரிக்கா, லண்டன், மறுபடி சென்னை. கிழக்கு நோக்கியே போய்க்கொண்டிருக்க வேண்டும், வந்த வழியே திரும்பக் கூடாது. தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு என்றான். "ஒத்தையில எப்படிப் போவேன், நீயும் வாளா" என்று என்னைக் கூப்பிட்டீர்கள். பாபநாசத்துக்குப் போவதென்றால்கூட நாலு நாள் யோசிக்கிற நீங்கள்!

சிங்கப்பூரில் என் மகள், அமெரிக்காவில் உங்கள் மகன். ஆனால் நீங்கள் கிளம்பியது லண்டனுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். அங்கேதான் உங்கள் மகள் இருந்தாள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக அண்ணன் அவள் பேரையே வீட்டில் எடுக்கவிடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. பேத்தி பிறந்ததைக்கூட அடுத்தவர் சொல்லித்தான் கேட்டீர்கள். லண்டனில் ஒரு மாதம் தங்குவதாகச் சொல்லித்தான் ஆறு மாத விசா வாங்கியிருந்தோம்.

அமெரிக்காவில் இருக்கும்போது சிக்கல் வந்தது. அங்கிருந்து லண்டன் போகும் விமானத்தை நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் விற்றவர்கள் வேறு வழி கொடுத்தார்கள். இடையில் நியூயார்க்கில் ஒரு நாள் தங்கிப் போக வேண்டும். ஆனால் அப்படித் தங்குவதும் கணக்கில் சேருமாம். டிக்கெட்டில் தங்க அனுமதித்த இடங்கள் அதோடு தீர்ந்தன. ஆகவே லண்டனில் காலையில் இறங்கி, சாயங்காலமே சென்னைக்கு ஏறிவிட வேண்டும். தங்கித்தான் ஆக வேண்டுமென்றால் முழு டிக்கெட்டுக்கும் அன்றைய விலையைப் போட்டு மிச்சத்தைக் கட்ட வேண்டும். புதிதாக வாங்குவதே தேவலை என்கிற விலை அது.

உங்கள் மகன் ஒரு வாரம் போனில் மல்லுக்கட்டினான். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், வேறு விலை. கடைசியில் அலுத்துப்போய், "விடும்மா, லண்டன அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்றான். அக்காள் மேல் அவனுக்கும் கோபம் ஆறியிருக்கவில்லை.

நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "அங்கன எறங்கி வெளிய வர விடுவானா, மாட்டானா?"

"வரலாம்மா. ஆனா சாயங்காலம் ஏறிரணும்."

"அது போதும். அவளுக்குப் போனப் போட்டுக் குடு."

அவன் தயங்கினான். போனுக்கு நீட்டிய கையை நீங்கள் மடக்கவில்லை. அந்தப் பக்கம் குரல் கேட்டதும், "அம்மா பேசுதேன். செவ்வாக்கெழம காலைல வாரேன். அவரையும் கூட்டிட்டு வா" என்றீர்கள். மறுமுனையில் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. நீங்கள் அழவில்லை.

லண்டனில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். கம்பித் தடுப்புக்கு அப்பால் மகள் நின்றாள், இடுப்பில் குழந்தை. நாலடி தள்ளி, வரலாமா கூடாதா என்று தெரியாமல் அந்தப் பையன். நீங்கள் மகளைத் தாண்டி நேரே அவரிடம் போனீர்கள். "நல்லா இருக்கியளா மாப்ளே?" அவர் கும்பிடப் போன கைகளை அப்படியே பிடித்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகுதான் மகள் பக்கம் திரும்பினீர்கள்.

பகல் முழுக்க விமான நிலையத்து நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருந்தோம். குழந்தை உங்கள் மடியிலேயே தூங்கிவிட்டது. சென்னை விமானத்துக்குப் பெட்டி போடும் நேரம் வந்ததும் நான் எழுந்தேன். நீங்கள் எழவில்லை.

"நீ போயிட்டு வாளா. நான் இங்கன இருந்துக்கிடுதேன்."

"மைனி, இத விட்டா விட்டதுதான். வேற நாளைக்கு மாத்தித் தர மாட்டான்."

"சீட்டுதானேளா போவுது. போவட்டும்."

எனக்குப் பதற்றம். திரும்பி வருவது எப்படி, உங்கள் மகன் என்ன சொல்வான், ஊரில் கேட்டால் என்ன பதில் என்று அடுக்கினேன். நீங்கள் குழந்தையின் காலில் நழுவிய சாக்ஸை ஏற்றிவிட்டுக்கொண்டே, "பாத்துட்டு வந்தேன்னு சொல்லு" என்றீர்கள். அவ்வளவுதான். சென்னைவரை என் பக்கத்து இருக்கை காலியாக வந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அங்கே இருந்தீர்கள். திரும்பி வந்த டிக்கெட் மருமகன் வாங்கித் தந்தது. அடுத்த ஆடியில் அவர்கள் மூவரும் இங்கே வந்து, அண்ணன் படம் மாட்டிய அதே கூடத்தில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். உங்கள் மகன் அக்காளோடு பேச இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. அதற்கும் நீங்கள் அவனை ஒரு வார்த்தை நெருக்கவில்லை. உங்கள் கடைசி நாளில், தாமிரபரணிக் கரைக்கு உங்களைத் தூக்கிச் சென்றவர்களில் மகனும் மருமகனும் தோளோடு தோளாக முன்னால் நடந்தார்கள்.

உங்கள் மகள் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாள். உங்களிடம் கேட்டிருக்க வேண்டியதை எல்லாம் என்னிடம் கேட்கிறாள். போன வாரம், "மக ஒரு பையனக் கூட்டிட்டு வந்து இவனத்தான் கட்டுவேன்னு நிக்கா அத்தே, என்ன செய்ய?" என்றாள். நீங்கள் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பீர்களோ அதைத்தான் நானும் கேட்டேன்.

"அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு போட்டியா?"