கடைசிப் பக்கத்துக் கோடுகள்

திங்கட்கிழமை காலை

என் அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் மாடியில் உன் சித்தப்பா வீட்டாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி பாதி குறைந்துவிட்டது, மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் என்னை வேலை வாங்குகிறார். நீயும் உடம்பிலும் மனதிலும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் காலை ஜெபமும் மாலை ஜெபமும். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. உடம்பு சுகம் என்று எழுதியிருந்தாய், ஸ்தோத்திரம். மனது சுகமில்லை என்பதை அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தாய், அதைத்தான் மூன்று தரம் படித்தேன்.

உன் அறைத் தோழியோடு வாரம் முழுக்கச் சண்டை, ஞாயிற்றுக்கிழமை மனம் வருந்தி அழுகிறேன், திங்கட்கிழமை அவள் என் துவாலையை எடுத்துத் துடைத்தால் மறுபடியும் கத்துகிறேன், இத்தனை வருஷம் ஜெபம் பண்ணியும் நான் ஓர் அடி வளரவில்லை, அதனால் நாலு மாதமாகத் திருவிருந்துக்கு எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன், இனிமேல் போகப் போவதுமில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து உன்னைத் திட்டத்தான் வேண்டும், ஆனால் எந்த வாயால் திட்டுவேன். உன் அம்மாவும் அதே பெஞ்சில் உட்காரத் தீர்மானம் செய்திருந்தவள்தான். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி.

நான் வீட்டுக் கணக்கு எழுதுகிற நோட்டை உனக்குத் தெரியும். அதன் கடைசிப் பக்கங்களில் ஆறு வருஷமாக இன்னொரு கணக்கும் எழுதி வருகிறேன். யார்மேலாவது கோபப்பட்டால் ஒரு கோடு, பக்கத்தில் இரண்டு வார்த்தையில் காரணம், மாதம் முடிந்ததும் கூட்டல். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், கூட்டல் கழித்தலைக் கடைச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டேன், என் கூட்டல் தப்பாது என்று ஒரு கர்வமும் உண்டு. ஆரம்பித்த மாதம் பதினொரு கோடு. போன மாதம் நாற்பத்து மூன்று. பதினொன்று நாற்பத்து மூன்றானால் அதற்குப் பெயர் வளர்ச்சியா, நீயே சொல். கோடுகளில் முக்கால்வாசி உன் சித்திமேல்தான், மாடியிலிருந்து அவள் பாயை உதறினால் தூசி முழுக்க நம் கொடியில் காயும் துணிமேல் விழும், எத்தனை தரம் சொன்னாலும் ஆகட்டும் அக்கா என்பாள், மறுநாளும் உதறுவாள். ஆறு வருஷம் ஜெபம் பண்ணியும் இவ்வளவுதானா என்று மனம் விட்டுப்போயிற்று. இந்த மாதம் திருவிருந்துக்கு எழுந்து போவதில்லை என்று யாரிடமும் சொல்லாமல் முடிவு செய்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை நான் குளிக்கப் போயிருந்த நேரம், தண்ணீர் கேன் போடுகிறவர் மாதக் கணக்குப் பார்க்க வந்திருக்கிறார். உன் அப்பாவுக்கு நோட்டு கிடைத்தது, மூக்குக்கண்ணாடி கிடைக்கவில்லை. காரணம் எழுதியிருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல், கோடுகளும் அடியில் பெரிதாக எழுதிய நாற்பத்து மூன்றும் மட்டும் தெரிய, அதுதான் கேன் கணக்கு என்று எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், ஏம்பா, நாப்பத்து மூணு கேனா, இங்க இருக்கிறது ரெண்டு பேரு, நாங்க என்ன ஒட்டகமா வளர்க்கிறோம் என்று சத்தம் போட்டிருக்கிறார். அந்த மனுஷர், ஐயா, நான் போட்டதே பத்து, மீதி முப்பத்து மூணை யார் குடிச்சாங்கன்னு நீங்கதான் சொல்லணும் என்கிறார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க, உன் சித்தி துணிக்கூடையோடு படியில் நிற்க, நான் ஈரத் தலையோடு ஓடி வந்தேன். வேறு வழியில்லை, அது தண்ணிக் கணக்கு இல்லீங்க, என் கோபக் கணக்கு என்று சொல்லிவிட்டேன். கேன்காரர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், நான் அப்புறம் வரேம்மா என்று காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு போயேவிட்டார்.

உன் சித்தி மட்டும் போகவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, அதுல என் பங்கு எத்தன அக்கா என்று கேட்டாள். ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொய் சொல்ல முடியுமா, முப்பத்தொண்ணு என்றேன். பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. அவளோ படியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, அவ்வளவுதானா, நான் நெறயன்னு நெனச்சேன் என்றாள். அப்புறம் சொன்னாள் பாப்பா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா அக்கா, அப்பல்லாம் நீங்க கோபத்துல கதவ சாத்தினா மேல தூங்குற கொழந்த திடுக்குன்னு முழிச்சு அழும், இப்ப அது அப்படி முழிச்சு ரெண்டு வருஷமாச்சு, நீங்க கோவப்படுறதையே விட்டுட்டீங்கன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்.

நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாகத்தான் சாத்தினேன், பழைய நோட்டுகளை எல்லாம் இறக்கி வைத்துப் படித்தேன். ஆறு வருஷமாகக் கூட்டினேனே தவிர ஒரு நாளும் திருப்பிப் படித்ததில்லை. முதல் மாதத்துப் பதினொன்றும் என்ன தெரியுமா, கத்தினேன், கதவை அறைந்தேன், தட்டை எறிந்தேன், நாலு நாள் பேசவில்லை. போன மாதத்து நாற்பத்து மூன்றில் இருப்பது, மனதுக்குள் திட்டினேன், முகம் கொடுக்காமல் பதில் சொன்னேன், அவள் துணி மழையில் நனைவதைப் பார்த்தும் கூப்பிடத் தாமதித்தேன், பிறகு நானே போய் எடுத்தேன். கத்தினேன் என்று கடைசியாக எழுதி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் முகம் கொடுக்காமல் இருப்பதை நான் கோபம் என்றே கணக்கில் சேர்த்ததில்லை, அது என் உரிமை என்று இருந்தேன். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு போன ஒரு பெரியவர் மறுநாள் நீ வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குத் திரும்பி வந்து, இதைப் போட்டதிலிருந்து என் வீடு அழுக்காகிவிட்டது என்று புகார் சொன்னதாகப் போனில் சொன்னாயே, நாம் இரண்டு பேரும் எவ்வளவு சிரித்தோம். அந்தப் பெரியவர் நான்தான். அழுக்கு புதிதாக வரவில்லை, ஆண்டவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணைத் திறந்திருக்கிறார், அதைப் புரிந்துகொள்ளாமல் அவர்மேலேயே குறைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த நோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதது துக்கத்தில் அல்ல, நன்றியில்.

நாலு நாள் கழித்து சனிக்கிழமை உன் கடிதம் வருகிறது. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. நேற்று திருவிருந்துக்கு எழுந்து போனேன். யோக்கியமாகிவிட்டேன் என்று போகவில்லை, பசியோடு போனேன். உன் சித்தியும் வந்து என் பக்கத்தில் முழங்கால் போட்டாள். உனக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்தேன்.

அதனால் நீ வளர்ந்தாயா இல்லையா என்று உன்னையே கேட்டுக்கொண்டிருக்காதே, வளர்கிறவளுக்கு அது தெரியாது. உன் அறைத் தோழியைக் கேள், மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்டுவிட்டு எனக்கு எழுது. அவள் என்ன சொன்னாலும் சரி, அடுத்த மாதம் எழுந்து போ. வளர்ந்த பிறகு ஏற அது பரிசு மேடை இல்லை, வளர்வதற்குச் சாப்பிடுகிற இடம். அவளுக்கென்று ஒரு துவாலை வாங்கிக் கொடு, பாதிச் சண்டை அதிலேயே தீரும். நான் கோடு போடுவதை விடவில்லை, மாதக் கடைசியில் கூட்டுவதை விட்டுவிட்டேன், அந்தக் கூட்டலை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

காகிதத்தில் தூசி இருந்தால் தட்டிவிட்டுப் படி, இதை வெளியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் சித்தி மேலே பாயை உதறுகிறாள். உள்ளே போய் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு, ரெண்டு பேருக்கும் டீ போட்டு வைக்கிறேன், இறங்கி வா என்று குரல் கொடுத்துவிட்டு வந்தேன். இறங்கி வருகிற சத்தம் கேட்கிறது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து உன்னைப் பொறுமையில் பலப்படுத்துவாராக. அப்பா முத்தம் சொல்லச் சொன்னார்.

துவாலையை மறக்காதே.

உனக்காக ஓயாமல் ஜெபிக்கும்
உன் அம்மா