பிந்தி வந்த முந்திய கடிதம்

சூலியா தெரு, பினாங்கு
22 செப்டம்பர் 1936

நாகூரில் இருக்கும் ஜனாப் அப்துல் ரசாக் அவர்களுக்கு, சுலைஹா எழுதுவது. ஸலாம். இத்தனை வருஷமும் ‘மச்சான்’ என்றுதான் தொடங்குவேன். இனி எப்படி அழைப்பது என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் ஊரார் எழுதுவதுபோல் எழுதுகிறேன்.

நானும் ஹாஜராவும் சுகம். மகளுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன.

உங்கள் தலாக் கடிதம் பதினான்காம் தேதியே கிடைத்தது. கல்கத்தாவரை ரயிலாம். அங்கே தம்தம்மில் ஏரோப்ளேனில் ஏற்றினால் ரங்கூன், பாங்காக் எல்லாம் இறங்கி, ஆயிரத்து அறுநூறு மைலை இரண்டே நாளில் தாண்டி நம் பாயான் லெப்பாஸ் ஏரோப்ளேன் மைதானத்துக்கு வந்துவிடுமாம். தபாலாபீஸ் முகம்மது கனி நானாதான் சொன்னார். ‘ஏரோப்ளேன் தபால்லா! உன் வீட்டுக்காரருக்கு உன்மேல எவ்வளவு ஆசை பாரு’ என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். பாவம், உள்ளே இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் ஊருக்குப் போன இந்தப் பத்து மாதமும் உங்கள் கடிதமெல்லாம் கப்பலில்தான் வந்தது. என்னை வெட்டிவிட மட்டும் ஏரோப்ளேன் தேவைப்பட்டதோ? அப்படி என்ன அவசரம்?

அதோடு விட்டீர்களா? பதினெட்டாம் தேதி கப்பல் தபாலில் இன்னொன்று வந்தது. ரமலானுக்குள் வந்துவிடுவேன், ஹாஜராவுக்குப் பச்சைப் பட்டு எடுத்து வைத்திருக்கிறேன், உன் கை மீன் ஆணம் இல்லாமல் நாக்கு செத்துக் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என் தங்கை ரொஸ்னா துள்ளிக் குதித்தாள். ‘அக்கா, மச்சான் மனசு மாறிட்டாருலா! ஏதோ வேகத்துல எழுதிட்டு இப்ப வர்றேங்கிறாரு’ என்றாள். நானும் நம்பினேன். வெட்கமில்லாமல் நம்பினேன். நெய்ச்சோறு ஆக்கி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தோம். ஹாஜரா வீடு வீடாக ஓடி, ‘எங்க வாப்பா வர்றாங்க’ என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இன்னொரு தரம் படிக்க எடுத்தபோதுதான் தேதியைப் பார்த்தேன். கப்பல் கடிதம் நீங்கள் மூன்றாம் தேதி எழுதியது. தலாக் ஒன்பதாம் தேதி எழுதியது. பின்னால் எழுதியது பறந்து முந்திக்கொண்டது, அவ்வளவுதான். உங்கள் மனசு ஒன்றும் திரும்பி வரவில்லை. ஆறே நாளில் ஒரு மனுஷனுக்கு மனசும் நாக்கும் சேர்ந்தா மாறும்? உங்கள் உம்மா உங்களுக்குப் பார்த்திருக்கும் புதுப் பெண் ஆணம் நன்றாக வைப்பாள்போல.

திரும்பி வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. ஆனால் தலாக் விஷயம் ஹாஜராவுக்குத் தெரியாது. கப்பல் எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாள். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாப்பா இனி வரமாட்டேன் என்று நீங்களே உங்கள் கையால் அவளுக்கு எழுதுங்கள்.

அதை மட்டும் தப்பித்தவறியும் ஏரோப்ளேனில் அனுப்பிவிடாதீர்கள். கப்பலில் போடுங்கள். இன்னும் பதினைந்து நாளாவது அவளுக்கு வாப்பா இருக்கட்டும்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

ஹாஜராவின் உம்மா,
சுலைஹா