றூபியும் நானும் எடுத்த கடைசிக் காட்சி

ஓகஸ்ட் 4, திங்கள்

சோளகக் காற்று. மயிலிட்டிப் படப்பிடிப்பில் கமராவைப் பிடித்துக்கொண்டிருக்கவே தனி ஆள் தேவை. படிப்பித்த காலத்தில் ஒரு பிள்ளை கேட்டது ஞாபகம் வந்தது: "ரீச்சர், நீங்களும் தங்கச்சியும் சண்டை பிடிச்சால் படத்தில ஆரின்ரை சொல்லு எடுபடும்?" சண்டையே வராது என்றேன். பெருமையாக.

இன்றும் வரவில்லை. கடைசிக் காட்சி. கதாநாயகி பஸ்ஸில் ஏறிப் போவதா, வீட்டுக்குத் திரும்புவதா? வழக்கம்போல் தங்கை றூபியும் நானும் வாடகை வான் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை உயர்த்தினோம். ஆட்கள் முன் எதிர்த்துக் கதைப்பதில்லை. முதல் படத்திலிருந்தே அப்படி. வெளியே கமராக்காரர்: "மந்திரிசபை கூடீட்டுது. எல்லாரும் தேத்தண்ணி குடியுங்கோ."

தங்கையின் முகம் வாடியிருந்தது. திரும்புவதைத்தான் விரும்புகிறாள் என்று நினைத்து, "திரும்பட்டும்" என்றேன். "ஓம் அக்கா." எடுத்தாயிற்று.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். தலையிடி. எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். நடிகை படலையைத் திறந்து உள்ளே போகிறாள்.

"பஸ்ஸில ஏறியிருக்கலாம்" என்றேன்.

றூபி திரும்பினாள். "நானும் அதைத்தான் நினைச்சனான். நீங்கள் ஆசைப்படுறியள் எண்டு விட்டனான்."

"நான் உனக்காக விட்டனான்."

"அப்ப உது ஆரின்ரை முடிவு?"

சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நடிகை கொழும்புக்குப் போயாயிற்று.

பரீட்சையில் இப்படி நடக்கும். பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பயந்து ஒருத்தி தன் சரியான விடையை வெட்டுவாள். மற்றவளும் வெட்டுவாள்.

அடுத்த படத்தை நான் தனியாக எடுக்க வேண்டும். இத்தனை வருடத்தில் இதை எழுதுவதே முதல் தடவை. நாளை அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

ஓகஸ்ட் 6, புதன்

குளிக்கிற சவர்க்காரம் முடிந்துவிட்டது. வாங்க மறந்தேன். காலையில் தயாரிப்பாளரின் அழைப்பு. இன்னும் மூன்று படம், சகோதரிகள் சேர்ந்து எடுப்பதென்றால் மட்டும். றூபி போனைக் கையால் பொத்தினாள்.

"என்னக்கா சொல்லுறது?"

அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஓமெண்டு சொல்லு."

சொல்லிவிட்டாள். பிறகு குசினிக்குப் போய் நெடுநேரம் பாத்திரம் கழுவினாள். ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்கள். நான் கதிரையிலேயே இருந்தேன். மூன்று படம். நேற்று எழுதியது இந்தக் கொப்பியிலேயே கிடக்கிறது.

கையெழுத்து வெள்ளிக்கிழமை. இடையில் ஒரு நாள் இருக்கிறது. நாளைக் காலை அவள் முகத்தைப் பார்க்காதே. கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு, "நான் தனியப் படம் எடுக்கப்போறன்" என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்.